நாவலரின் கண்டனமும் விவிலியம் பற்றிய இரு வினாக்களும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்டன நூல்களைச் சமயப் பூசலின் எச்சங்களாக மட்டும் கருதி ஒதுக்கும் போக்கு உண்டு. அந்நூல்கள் பிற சமய மறையை எங்ஙனம் வாசித்தன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆறுமுக நாவலரின் (1822–1879) 'சைவதூஷண பரிகாரம்' (1854) என்னும் நூலை முன்வைத்து, விவிலியம் பற்றிய இரு வினாக்களை வேறுபடுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். விவிலிய நிகழ்ச்சிகள் வரலாற்று உண்மைகளா என்பது ஒன்று. அதில் காட்டப்படும் இறைவன் குறைவிலா நிறைவினனா என்பது மற்றொன்று.

மொழிபெயர்ப்பும் மறுப்பும்

யாழ்ப்பாணத்தில் வெசுலியன் சமயப் பணியாளர் பீற்றர் பேர்சிவலுக்குத் துணைநின்று நாவலர் விவிலியத்தைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறியது. அதற்கு முன்னரே, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவியிருந்தார். எனவே அவரது மறுப்பு, விவிலியத்தைச் சொல் சொல்லாகப் பயின்றவரின் மறுப்பாகும்.

கோயில் வழிபாட்டை இழித்துரைத்த சமயப் பணியாளர்க்கு விடையிறுக்கும் நாவலர், விவிலியத்தையே சான்றாகக் கொள்கிறார். விளக்கு, தூபம், படையல், தூய்மைச் சடங்கு ஆகியவற்றை யெகோவாவே இசுரயேலர்க்கு விதித்தனர் எனின், அவை சைவர்பால் மட்டும் குற்றமாவது எங்ஙனம் என்பதே அவரது மைய வாதம். இவ்வாதத்திற்கு விவிலியம் வரலாற்றுப் பிழையுடையது என நிறுவ வேண்டுவதில்லை. எதிர்வழக்காடுவோர் அதனை இறைவாக்கு என ஏற்பதே போதுமானது.

வரலாற்று வினா

ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆயர் கொலென்சோ விவிலியத்தைச் சூலு மொழியில் பெயர்த்தார். பெருவெள்ளக் கதை உண்மையாகவே நிகழ்ந்ததா எனத் துணைநின்ற சூலு மொழியாளர் கேட்டமை தம்மை ஆய்வுக்குத் தூண்டிற்று என்பது அவர் கூற்று. 1862 முதல் வெளிவந்த அவரது நூல், எகிப்தினின்று ஆடவர் மட்டும் 6 இலட்சம் பேர் வெளியேறினர் என்பது போன்ற எண்களின் இயலாமையைக் கணக்கிட்டுக் காட்டியது. இரு மொழிபெயர்ப்புகளும் ஐயத்தை விளைத்தன. எனினும் சூலு மொழியாளர் நிகழ்ச்சியை ஐயுற்றார், நாவலர் சமயப் பணியாளரின் நடுவுநிலையை ஐயுற்றார். வரலாற்றுக் கருவியை நாவலர் கையிலெடுத்திருப்பின், அது புராணங்கள் மீதும் திரும்பியிருக்கும் என்பதும் நோக்கத்தக்கது.

நிறைவு பற்றிய வினா

முற்றறிவும் வரம்பிலாற்றலும் இறைவனின் எண்குணங்களுள் அடங்கும் என்பது சைவ சித்தாந்தக் கொள்கை. அந்நோக்கில், மனிதரைப் படைத்ததற்கு இறைவன் வருந்தினார் எனத் தொடக்கநூல் 6ஆம் அதிகாரம் கூறுவது இடர்ப்பாடு தரும். சவுலை அரசனாக்கியதற்கு இறைவன் வருந்தினார் என்பதும், அவர் மனம் மாறுபவர் அல்லர் என்பதும் முதல் சாமுவேல் 15ஆம் அதிகாரத்திலேயே உடன் இடம்பெறுகின்றன. கிறித்தவ உரைகாரர் பலர் இத்தகைய வருத்தத்தை மனித வழக்கில் கூறப்பட்டதாகக் கொள்வர். சைவர் சிவபெருமானின் சினத்தை மறக்கருணை என்பர். இருசாராரும் உபசார வழக்கெனும் ஒரே பொருள்கோளையே நாடுகின்றனர். ஒருவர்க்கு அது விளக்கமெனின், மற்றவர்க்கு அது சாக்குப்போக்கு ஆகாது.

நாவலர் வாதத்திற்கும் எல்லை உண்டு. பழைய சடங்குகள் கிறித்துவின் பலியால் நிறைவெய்தின என்னும் விடையை அவ்வொப்புமை முற்றிலும் மறுத்துவிடாது. எனினும், சடங்கு தன்னளவில் இறைநிறைவுக்கு முரணன்று என்பதை அது உறுதியாக நிறுவுகிறது.

முடிவுரை

விவிலியத்தை வரலாற்று முறையில் ஆராய்வது இன்று நம்பிக்கைக்குப் புறம்பானதன்று. 1910இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற கிறித்தவக் கல்விக்கூடங்களிலேயே அது பாடமாகப் பயிலப்படுகிறது. ஆறு இலட்சம் என்னும் எண் பிழைபடுவதால் இறைவன் குறையுடையவன் ஆகான். அவ்வெண் சரியாவதால் அவன் நிறைவுடையவன் என நிறுவப்படுவதும் இல்லை. இவ்வேறுபாட்டைப் பேணி வாசிப்பின், கண்டன நூல்கள் பொருள்கோள் வரலாற்றின் ஆவணங்களாகவும் பயன்படும். பிறர் மறைக்கு இடும் அளவுகோலைத் தம் மறைக்கும் இடுதல் வேண்டும் என்பதே நாவலர் நூலிலிருந்து பெறத்தக்க ஆய்வுநெறியாகும். அந்நெறி நாவலர் மரபினர்க்கும் பொருந்தும்.