இனித்ததா அந்த வாழ்க்கை?

எனக்கு முப்பத்திரண்டு வயதானபோது அம்மா என்னைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனார். நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றினால் கல்யாணம் கூடிவருமாம். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்து, கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கிக்கொண்டார் பெருமாள் என்கிறது தலபுராணம். அந்த 360 பேருக்கும் என்ன பிடித்திருந்தது என்று யார் கேட்டார்கள்? சுற்றினேன். கைப்பையில் ஜார்ஜ் எலியட்டின் கடிதங்கள் இருந்தன.

என் அந்த வயதில் அவர் எழுதிய கடிதம் ஒன்று அதில் உண்டு. 1852 மார்ச். அப்போது அவர் ஜார்ஜ் எலியட் இல்லை, மேரியன் எவன்ஸ். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ரெவ்யூ இதழைத் தன் பெயர் வெளியே தெரியாமல் நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லர் இறந்தபின் நண்பர்கள் தொகுத்த அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டு, தோழி கிளெமென்ஷியா டெய்லருக்கு எழுதுகிறார். அறிவால் ஆள முடிந்தும் வாழ்க்கை இனிக்கவில்லையே என்று ஃபுல்லர் நாட்குறிப்பில் தவித்த இடம் அவரை உலுக்கியிருக்கிறது. கடைசியிலாவது இனித்ததே என்று, தனக்கே கிடைத்ததுபோல நன்றி கொள்கிறார்.

அந்தக் ‘கடைசி’ மிகக் குறுகியது. இத்தாலியில் ஓசோலியின் காதல், ஒரு மகன், ரோமப் புரட்சியில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை. 1850 ஜூலையில் நியூயார்க் அருகே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் உடைந்து மூவரும் மாண்டார்கள். புரட்சியைப் பற்றி ஃபுல்லர் எழுதிய கையெழுத்துப் பிரதியும் கடலோடு போயிற்று.

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு படித்தவளும் கடைசியில் தாலிக் கணக்கா போடுகிறாள்? பிறகுதான் தெரிந்தது, தொகுத்த மூவரும் ஆண்கள், எமர்சன் உட்பட. கடிதங்களை வெட்டினார்கள், வரிகளை மையால் அழித்தார்கள், கௌரவமான மனைவியாக ஃபுல்லரைக் காட்டினார்கள். ஓசோலியோடு திருமணம் நடந்ததற்கு உறுதியான ஆவணமே கிடையாது. அப்படி வடிகட்டித் தந்த புத்தகத்திலும் மேரியனின் கண் பட்டது அந்தத் தவிப்பின் மேல். அவர் நன்றி சொன்னது கல்யாணத்துக்கு என்று நான்தான் படித்திருக்கிறேன். கோயில் பிராகாரத்தில் வேறெப்படிப் படிப்பது! இரண்டே வருடத்தில், ஏற்கெனவே மணமான லூயிஸோடு, எந்தச் சடங்கும் இல்லாமல் ஜெர்மனிக்குக் கிளம்பியவர் அவர்.

1855இல் லீடர் இதழில் ஃபுல்லரையும் மேரி உல்ஸ்டன்கிராஃப்டையும் பற்றிப் பெயரில்லாமல் எழுதினார். நிதானமான கட்டுரை, வாதங்களை நிறுத்துப் பார்க்கிறது. கடிதத்தில் கேட்ட குரல் அதில் இல்லை. பொதுவில் பேசும் பெண்ணுக்கு அந்த நிதானம் அன்று தேவைப்பட்டிருக்கும்.

வகுப்பில் எங்களுக்குக் கட்டுரையை மட்டும்தான் கொடுத்தார்கள். என் மாணவிகளுக்கு நான் கடிதத்தை முதலில் கொடுக்கிறேன்.