கோலும் கோளும்

காட்டரசனாகிய சிங்கமும் வழிதவறி வந்த எருதும் நட்புப் பூண்டு, நரியின் சூழ்ச்சியால் பிரிந்த கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளை அரிது. பஞ்சதந்திரத்தின் முதற் பகுதியாகிய மித்திரபேதம் அது. அதே கதையை நான் இரண்டாம் முறை சந்தித்தது பதினாறாம் வயதில், மத்ரஸாவின் பாயில் அமர்ந்து ‘கலீலா வதிம்னா’ ஓதியபோது. பிங்களன் என்ற பெயரை இழந்து சிங்கம் வெறும் சிங்கமாகவே அங்கு நின்றது. சஞ்சீவகன் ஷத்ரபாவாகியிருந்தான். கரடகனும் தமனகனும் கலீலாவாகவும் திம்னாவாகவும் மாறியிருந்தனர். அன்று எங்களுக்கு அது அரபு இலக்கணத்தைப் பழகுவதற்கான பாடம், அவ்வளவுதான். பல ஆண்டுகள் பிறருக்கு ஓதிக் கொடுத்த பின்னரே, அது அதிகாரத்தைப் பற்றிய நூல் என்பது எனக்கு விளங்கிற்று.

கோள் சொல்பவனை அஞ்சி விலகக் கற்பிக்கும் நூல் என்று இதனைச் சொல்வோர் பலர். அது பாதி உண்மையே. கோள் எந்த மண்ணில் முளைக்கிறது என்பதையும் நூலாசிரியர் ஆராய்கிறார். அதிகாரம் தன்னைச் சுற்றி அச்சத்தை வளர்க்கிறது. அஞ்சுகிறவர் நேருக்கு நேர் பேசுவதில்லை. நேர்ப்பேச்சு அற்றுப்போன இடத்தில் மூன்றாமவன் நாவே ஆட்சி செய்கிறது. கதை முழுவதும் இந்த வழியிலேயே நடக்கிறது.

இதனை அரபியில் தந்த இப்னுல் முகஃப்பஃ, அதிகாரத்தை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர். ஈரானில் பிறந்தவர், ரோஸ்பிஹ் என்பது முதற்பெயர். அவருடைய தந்தை உமையாக்களின் ஆட்சியில் வரி தண்டும் பணியில் இருந்தார். கணக்கில் குற்றம் கண்டு ஆளுநர் ஹஜ்ஜாஜ் அவரை அடிப்பித்ததில் கை சூம்பிப் போயிற்று என்றும், அதனாலேயே ‘முகஃப்பஃ’, அதாவது கை சூம்பியவர், என்ற பெயர் நிலைத்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். ஓர் ஆளுநரின் கோபம் ஒரு குடும்பத்தின் பெயராகவே ஆகிவிட்டது. மகனோ ஆளுநர்களுக்கும் இளவரசர்களுக்கும் கடிதம் எழுதும் காதிபாக வளர்ந்தார். பேரரசர் அனூஷிர்வான் (531–579) காலத்தில் புர்ஸவைஹ் என்னும் மருத்துவர் இந்தியாவிலிருந்து பெற்று பஹ்லவி மொழியில் ஆக்கிய கதைகளை, 8ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் அரபியாக்கினார். பஹ்லவி நூல் மறைந்தது. அரபு நூல் நின்றது.

இனிக் கதைக்கு வருவோம். தொடக்கத்திலேயே சிங்கம் அஞ்சுகிறது. முன்பின் கேட்டறியாத எருதின் முழக்கம் காட்டில் எழுகிறது. சிங்கம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தன் அச்சத்தை எவரிடமும் சொல்லவும் இல்லை. அரசன் அஞ்சலாம்; அஞ்சுவதை அவையோர் அறியலாகாது என்பதே சிம்மாசனத்தின் விதி. அந்த மறைந்த அச்சத்தை மோப்பம் பிடித்தவன் திம்னா. அவன் சிங்கத்தின் நெருக்கத்தை வென்றது வீரத்தால் அன்று, அதன் பலவீனத்தை அறிந்ததால். கலீலா எச்சரிக்கிறான், தனக்கு உரியதல்லாத வேலையில் தலையிட்ட குரங்கின் கதையைச் சொல்லித் தடுக்கிறான். திம்னா கேட்கவில்லை.

எருது அவைக்கு வருகிறது. சிங்கத்தின் உற்ற துணையாகிறது. திம்னாவுக்குப் பொறாமை மூள்கிறது. நூலின் உச்சமான இடம் இதன்பின் வருகிறது. திம்னா சிங்கத்திடம், “ஷத்ரபா உன் பலத்தை அளந்துவிட்டான், உன் இடத்தை நாடுகிறான்” என்ற கருத்தில் பேசுகிறான். எருதிடம், “நீ கொழுத்திருக்கிறாய், சிங்கம் உன்னை உண்ண எண்ணுகிறது” என்கிறான். அத்துடன் நிற்கவில்லை, இருவருக்கும் அடையாளங்களையும் கற்பித்து அனுப்புகிறான். எருது நிறம் மாறி, உடல் நடுங்கி, வலமும் இடமும் பார்த்து வந்தால் அது பகை என்று சிங்கத்திடம் சொல்கிறான். சிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, செவியை விடைத்து உற்று நோக்கினால் அது கொலை நோக்கம் என்று எருதிடம் சொல்கிறான்.

இருவரும் சந்திக்கின்றனர். எருது அச்சத்தால் நடுங்குகிறது. அதனைச் சிங்கம் பகை என்று படிக்கிறது. சிங்கம் எச்சரிக்கையால் நிமிர்கிறது. அதனை எருது கொலைவெறி என்று படிக்கிறது. “நண்பா, இப்படி ஒன்று கேள்விப்பட்டேனே, மெய்தானா?” என்ற ஒரு கேள்வி அந்த எருதின் உயிரைக் காத்திருக்கும். இருவருமே அதைக் கேட்கவில்லை. எருதுக்குக் கேட்கத் துணிவில்லை; சிங்கத்துக்குக் கேட்கும் வழக்கமே இல்லை. ஒருவன் கையில் மற்றவன் உயிர் இருக்கும் நட்பு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் அறியேன்.

பஞ்சதந்திரத்தில் எருது மாண்டபின் தமனகன் சிங்கத்தைத் தேற்றி அமைச்சனாகவே வாழ்கிறான். அரபு நூலிலோ, திம்னாவை விசாரிக்கும் ஓர் அத்தியாயம் தொடர்கிறது. அதனை இப்னுல் முகஃப்பஃ தாமே சேர்த்தார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அறம் வெல்ல வேண்டும் என்ற ஆசையால் ஒட்டவைத்த பகுதி என்று அதனைக் குறைகூறுவோரும் உளர். திம்னாவின் வாதங்கள் நீண்டு சலிப்பூட்டுவது உண்மைதான். எனினும் அந்த அவையில் நிலவும் மௌனத்தைக் கவனிக்க வேண்டும். உண்மையை ஒட்டுக்கேட்டறிந்த சிறுத்தை, அதை வெளியிடலாகாது என்று வாக்குப் பெற்றுக்கொண்டு சிங்கத்தின் தாயிடம் மட்டும் சொல்கிறது. சிறையில் மற்றொரு விலங்கும் உண்மையைக் கேட்டிருக்கிறது. தன் ஒருவனின் சாட்சி போதாது என்று அதுவும் வாய் திறவாதிருக்கிறது. இரண்டாவது சாட்சி உண்டு என்று தெரிந்த பின்னரே நாவுகள் அவிழ்கின்றன, திம்னா மாள்கிறான். அறிந்தவர் பலர் இருந்தும் சொல்பவர் ஒருவரும் இல்லாத அவை அது.

அந்த அத்தியாயத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. தூண்டியவன் தண்டிக்கப்படுகிறான்; கொன்ற நகத்துக்கு விசாரணை இல்லை. சிங்கம் வருந்துகிறது, அவ்வளவோடு அதன் கணக்குத் தீர்கிறது. இது ஆசிரியரின் குறையா, துணிவின் எல்லையா? அவர் முடிவை எண்ணும்போது இரண்டாவதே என்று தோன்றுகிறது. கலீபா மன்சூருக்கு (754–775) எதிராக எழுந்து தோற்ற சிறிய தந்தை அப்துல்லாஹ் இப்னு அலீக்கு அபயப் பத்திரம் எழுதும் பணி இப்னுல் முகஃப்பஃவிடம் வந்தது. கலீபா வாக்குத் தவறினால் அவருடைய மனைவியர் தலாக் ஆவர், அடிமைகள் விடுதலை பெறுவர், மக்கள் பைஅத்தினின்று நீங்குவர் என்று தப்ப வழியில்லாமல் அவர் எழுதினார் என்பர். கதையில் சிங்கத்தை விட்டுவைத்த எழுதுகோல், பத்திரத்தில் சிங்கத்தைக் கட்டிப்போட முயன்றது. சில ஆண்டுகளுக்குள், சுமார் 756க்கும் 759க்கும் இடையில், பஸராவின் ஆளுநர் அவரைக் கொடூரமாகக் கொன்றார். திம்னாவுக்குக் கிடைத்த விசாரணைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அரசர்களின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், நான் பெரிதும் நம்பிய மாணவன் ஒருவன் மற்றொரு மாணவன் என்னை இகழ்ந்து பேசியதாகச் சொன்னான். மறுநாள் அந்தப் பிள்ளை என் முகம் பார்க்கத் தயங்கினான்; குற்றமுள்ள நெஞ்சு என்று நான் முடிவு செய்தேன். அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினேன். பாடம் கேட்பதை நிறுத்தினேன். ஓராண்டுக்குள் அவன் ஓதுவதையே விட்டுவிட்டான். சொன்னது பொய் என்று பின்னர் தெரியவந்தது. உஸ்தாதுக்கு உன்மேல் கோபம் என்று முன்னவன் அவனிடமும் சொல்லி வைத்திருந்தானாம். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி பணிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்துக்கு அன்று காலையில்தான் பொருள் சொல்லியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

கோள் சொன்னவனை நெடுங்காலம் நொந்துகொண்டேன். அந்தப் பிள்ளை ஏன் என்னிடமே வந்து கேட்கவில்லை என்று ஆராய்ந்தபோது விடை என் பக்கத்தில் கிடந்தது. அது என் பிரம்பு. அரசனின் கோலும் ஆசிரியனின் கோலும் அளவில் வேறு, தன்மையில் ஒன்று. வாப்பாவின் சினம், மாமியின் அதிகாரம், ஜமாஅத் தலைவரின் செல்வாக்கு எல்லாம் அவ்வகையே. திம்னாக்கள் எக்காலத்தும் இருப்பார்கள். நம் கையில் கோல் உள்ளபோது, எளியவன் ஒருவன் நம் எதிரே வந்து “மெய்தானா?” என்று கேட்க முடிகிறதா என்பதே நம்மைப் பற்றிய விசாரணை. இந்த நூலை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் இப்போது பிரம்பை அறைக்கு வெளியே வைத்துவிட்டே பாயில் அமர்கிறேன்.