கயத்தாற்றில் நடந்தது விசாரணையா?

1959இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் கயத்தாறு என்னும் ஊர்ப்பெயரைத் தமிழர் நினைவில் நிலைநிறுத்தியது. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலும் சிவாஜி கணேசனின் நடிப்பும் இன்றும் போற்றப்படுகின்றன, அது தகும். ஆயினும் அப்படம் கயத்தாற்று விசாரணையைச் சொல்வீரத்தின் களமாகவே நம் மனத்தில் பதித்துவிட்டது. அங்கு நடந்தது விசாரணைதானா என்னும் வினா அந்த முழக்கத்தில் அமிழ்ந்து போயிற்று.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தபோது மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். எனினும் கும்பினி அரசு உடனே தூக்குக்கயிற்றை நாடவில்லை. வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் குழு அமைக்கப்பட்டது. கட்டபொம்மன் அதன்முன் தோன்றித் தம் தரப்பைக் கூறினார். குழு ஜாக்சன் மீதே குறை கண்டது; அவர் பதவி இழந்தார்.

ஓராண்டுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1799 செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைவர் மேஜர் பானர்மன். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் குற்றச்சாட்டுகளை முன்வைத்தவரும் அவரே, தீர்ப்பளித்தவரும் அவரே. தண்டனை அன்றே நிறைவேறியது. வரவழைக்கப்பட்டிருந்த பாளையக்காரர்கள் நடுவர்கள் அல்லர். அச்சமூட்டப்பட வேண்டிய பார்வையாளர்கள். சில நாட்களில் அவர்தம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. ஆக, கும்பினி நீதிமுறையை அறியாததன்று; 1798இல் அறிந்திருந்ததை 1799இல் கைவிட்டது.

கட்டபொம்மன் வீரனா, கொள்ளைக்காரனா என்னும் வழக்காட்டு தமிழில் நெடுங்காலம் நடந்துள்ளது. இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தூக்கிலிடப்பட்டவரின் குணத்தைக் கொண்டு தண்டனையின் நியாயத்தை அளக்கின்றனர். குற்றச்சாட்டுகள் அனைத்தும் மெய்யென்றே கொள்வோம். அப்போதும் போர்க்களத்து எதிரியே நீதிபதியாக அமர்ந்த தீர்ப்பு தீர்ப்பாகாது.

இஸ்லாமிய நீதிமரபு இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டதுபோல் மறு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அதே அலீ (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது, தம் கவசத்துக்கு உரிமை கோரிக் காழி ஷுரைஹிடம் சென்றார்கள். போதிய சாட்சியம் இன்மையால் வழக்கை இழந்தார்கள் என்பது மரபுச் செய்தி. உரிமை கோரியவரின் சிறப்பு சாட்சியத்துக்கு ஈடாகவில்லை.

இம்மயக்கம் பழங்கதையன்று. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மக்கள் மலர் தூவினர். அந்த மோதல் கதை நம்பத்தக்கதன்று என உச்சநீதிமன்றம் நியமித்த ஆணையம் 2022இல் கூறியது. 2020 ஜூனில், கயத்தாறு அடங்கிய இதே தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில், ஊரடங்கை மீறியதாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் அடியுண்டு மாண்டனர், நாடு கொதித்தது. மாண்டோர் மீது நாம் கொண்ட எண்ணம் வேறு. மீறப்பட்ட நெறி ஒன்றே.

திரைப்படம் கட்டபொம்மனுக்காக நம்மை அழவைத்தது. நாம் வெறுக்கும் ஒருவனுக்கும் விசாரணை வேண்டும் என்று கேட்க அது கற்பிக்கவில்லை. அக்குறை படத்தினுடையது மட்டுமன்று, பார்த்த நம்முடையதும்தான்.