வலைப்பூவுக்குச் சொந்த முகவரி: யார் பெயரில்?

தமிழ்மொழிப் பயிற்றிகளை வலைப்பூவில் ஏற்றும் ஆசிரியர்கள் சிலர் இப்போது சொந்த டொமேன் வாங்கி இணைக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனா, பாதி வேலைதான் நடக்கிறது என்பதே என் குறை.

முதலில் நன்மை. வலைப்பூ கூகிள் பிளாகரில் இருந்த இடத்திலேயே இருக்கும். டொமேன் வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை மட்டுமே. டிஎன்எஸ் பக்கத்தில் பிளாகர் தரும் இரண்டு 'சி-நேம்' பதிவுகளைச் சேர்க்க வேண்டும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரியும் தானாகவே புதியதுக்குக் கொண்டுபோய் விடும். நாளைக்கு வேர்ட்பிரசுக்கு மாறினாலும் பலகை நம்முடையது. 2009இல் யாகூ ஜியோசிட்டிசை மூடியபோது, அதன் முகவரியையே நம்பியிருந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இனி குறை. டொமேன் சொந்த வீடு இல்லை. பங்சார் வாடகை வீடு மாதிரி. தவணை தவறினால் கைவிட்டுப் போகும். எங்கள் ஐந்தாம் படிவப் பயிற்றியில் ஒரு முகவரியை அச்சிட்டிருந்தோம். அதைப் பதிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார். நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போனது. எஸ்.பி.எம். நெருங்கும் நேரம், "டீச்சர், பக்கம் திறக்கலையே" என்று மாணவி வந்து நின்றாள். பிளாகர் அமைப்பில் டொமேனை நீக்கியதும் பிளாக்ஸ்பாட் முகவரி உயிர்பெற்றது. அச்சான தாளை என்ன செய்வது?

ஆகவே, டொமேனைத் தனி ஆசிரியர் பெயரில் பதியாதீர்கள். பாடக்குழுவின் பொது மின்னஞ்சலில் பதியுங்கள். கடவுச்சொல் இருவருக்காவது தெரியட்டும். புதுப்பிக்கும் தேதியைப் பாடக்குழுக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.