நூலிழையில் தப்பியவரா உச்சிமுரா?

2016 ரியோ ஒலிம்பிக், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஆல்ரவுண்ட் இறுதிப் போட்டி. ஆறு கருவிகளில் ஐந்து முடிந்தபோது உக்ரைனின் ஒலெக் வெர்னியாயெவ் 0.901 புள்ளி முன்னிலையில் இருந்தார். பாக்கி இருந்தது ஹரிசாண்டல் பார் ஒன்றுதான். இந்த விளையாட்டில் கம்பியிலிருந்து கீழே விழுந்தாலே ஒரு புள்ளிதான் போகும். அப்படியென்றால் 0.9 எவ்வளவு பெரிய இடைவெளி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா 15.800 எடுத்தார். இறங்கும்போது கால் அசையவில்லை. அடுத்து வந்த வெர்னியாயெவ் இறங்குகையில் தடுமாறினார். அவருக்குக் கிடைத்தது 14.800. மொத்தம் 92.365க்கு 92.266. வித்தியாசம் 0.099.

அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர், நடுவர்களுக்கு உங்கள்மேல் தனிப் பிரியமா என்று உச்சிமுராவைக் கேட்டார். அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை என்று தட்டிவிட்டவர், தோற்றுப்போன வெர்னியாயெவ். பெருந்தன்மை என்று பலர் எழுதினார்கள். நான் அதை விவரம் தெரிந்தவரின் பதில் என்றே சொல்வேன். உச்சிமுரா எப்படி ஜெயிக்கிறார் என்பது வெர்னியாயெவுக்குத் தெரியும்.

அது புரிய மதிப்பெண் முறையைப் பார்க்க வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் யாங் டே-யங்குக்கு நடுவர்கள் ஆட்டத்தின் ஆரம்ப மதிப்பைத் தவறாகப் போட்டுவிட, பெரிய தகராறானது. அதன் பிறகு, பத்துக்குப் பத்து என்ற பழைய முறையே 2006இல் போய்விட்டது. இப்போது இரண்டு கணக்கு. எவ்வளவு கடினமானதைச் செய்தார் என்பதற்கு ஒன்று. அதற்கு உச்சவரம்பு இல்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு இன்னொன்று. அது பத்திலிருந்து ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே போகும். சின்னதாக ஓர் அடி நகர்ந்தால் 0.1, பெரிய அடி வைத்தால் 0.3. முழங்கால் மடங்கினாலும் கால் விரிந்தாலும் தனித்தனியே வெட்டு. உச்சவரம்பு இல்லாத பக்கம்தான் எல்லோருக்கும் ஆசை காட்டியது. இன்னொரு திருகு, இன்னொரு சுழற்சி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். உச்சிமுராவும் கடினமானவற்றைச் செய்தார். ஆனால் அவருடைய சம்பாத்தியம் முக்கியமாகக் கழிக்கும் பக்கத்தில் இருந்தது. அவரிடம் வெட்டுவதற்கு நடுவர்களுக்கு அதிகம் கிடைக்கவில்லை.

அவருடைய உலக சாம்பியன்ஷிப் பதக்கங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மொத்தம் 21. கருவி வாரியான இறுதிப் போட்டிகளில் வென்றவை ஃப்ளோர், பேரலல் பார்ஸ், ஹரிசாண்டல் பார் மூன்றில் மட்டும். பொம்மல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட் மூன்றிலும் தனிப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. ஒலிம்பிக்கில் இன்னும் மோசம்: கருவிப் பிரிவில் கிடைத்தது 2012 லண்டனில் ஃப்ளோர் வெள்ளி, அவ்வளவே. ஆறில் பாதிக் கருவிகளில் உலகின் முதல் மூன்று பேரில் ஒருவராக வராதவர், ஆறையும் சேர்த்தால் எட்டு ஆண்டுகள் யாராலும் தொட முடியாதவர். பார்சிலோனா 1992இல் ஒரே ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் அள்ளிய விட்டலி ஷெர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வென்ற உலக ஆல்ரவுண்ட் பட்டம் ஒன்றே ஒன்று. உச்சிமுராவிடம் ஆறு. 2011 டோக்கியோவில் மூன்றாவதை வென்றபோதே அத்தனை வென்ற முதல் ஆண் அவர்தான். அன்று இரண்டாவதாக வந்த ஜெர்மனியின் ஃபிலிப் பாய் மூன்று புள்ளிக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

இந்தத் திறமைக்கு வீட்டுச் சூழல் ஒரு காரணம். அப்பா, அம்மா இருவரும் ஜிம்னாஸ்டுகள். நாகசாகி மாகாணத்தின் இசஹாயாவில் பயிற்சிக்கூடம் நடத்தியவர்கள். மூன்று வயதில் ஆரம்பித்த பையன், பதினைந்தில் டோக்கியோவுக்குக் கிளம்பிவிட்டான்.  

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஆல்ரவுண்ட் இறுதியில், 19 வயதில், பொம்மல் ஹார்ஸில் விழுந்து இருபதாம் இடத்துக்கும் கீழே போனார். அங்கிருந்து ஏறி வெள்ளியில் வந்து நின்றார். 2009 லண்டன் உலகப் போட்டி முதல் 2016 ரியோ வரை எட்டு உலக, ஒலிம்பிக் ஆல்ரவுண்ட் பட்டங்கள் வரிசையாக அவருக்கே. சவாவோ கட்டோ 1968, 1972இல் செய்தபின் ஒலிம்பிக் ஆல்ரவுண்டை அடுத்தடுத்து வென்றவர் இவர்தான்.

ஆனால் அவருடைய ஏக்கம் அணித் தங்கம். தங்கத்துக்குக் குறைந்த எதையும் அவர் ஏற்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பொம்மல் ஹார்ஸிலிருந்து அவர் இறங்கிய விதம் குளறுபடியாகி, முதலில் ஜப்பானுக்கு நான்காம் இடம் என்றார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகே வெள்ளி. 2015 கிளாஸ்கோவில் 1978க்குப் பின் முதல் உலக அணிப் பட்டம் வந்தது. அதிலும் கடைசிக் கருவியில் அவர் விழுந்தார். ரியோவில் 27 வயதில் தகுதிச் சுற்று, அணி இறுதி, ஆல்ரவுண்ட் இறுதி மூன்றிலும் ஆறு கருவிகளும் ஆடினார். ஐந்து நாளில் 18 ஆட்டம். அணித் தங்கம் கிடைத்தது. அந்த 0.099 வெற்றி, இந்த 18 ஆட்டங்களின் மூன்றாவது தவணையில், முதுகு பிடித்துக்கொண்ட நிலையில் வந்தது. நடுவர் தயவு என்று பேசியவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிறகு உடம்பு கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. 2016 இறுதியில் ஜப்பானின் முதல் தொழில்முறை ஜிம்னாஸ்ட் ஆனார். 2017 மான்ட்ரியல் உலகப் போட்டியில் வால்ட்டில் இறங்கும்போது இடது கணுக்கால் போனது. ஆல்ரவுண்டில் 40 தொடர் வெற்றி அங்கே நின்றது. தோள்கள் தேய்ந்துவிட, 2020இல் ஆறு கருவிகளை விட்டு ஹரிசாண்டல் பார் ஒன்றையே பிடித்துக்கொண்டார். டோக்கியோ ஒலிம்பிக்கின் தனிநபர் இடத்துக்கு வால்ட் வீரர் ஹிடெனோபு யோனெகுராவும் இவரும் சமப் புள்ளியில் நின்றார்கள், போனது உச்சிமுரா. 2021 ஜூலை 24 அன்று, கடினமான பறப்புகளையெல்லாம் பிடித்துவிட்டு, ஒரு திருப்பத்தில் கை நழுவி விழுந்தார். 13.866. இறுதிக்கே போகவில்லை. அந்த ஒலிம்பிக்கில் ஆல்ரவுண்ட், ஹரிசாண்டல் பார் இரண்டு தங்கத்தையும் வென்றவர் 19 வயது டைகி ஹாஷிமொட்டோ.

யோனெகுராவை விட்டு உச்சிமுராவைத் தேர்ந்தெடுத்தது விதிப்படி சரிதான். ஆனாலும் ஒற்றைக் கருவி வீரராக மாறியது அவருடைய பலத்துக்கு எதிரான முடிவு என்பது என் கருத்து. ஆறு கருவிகளில் ஒரு சறுக்கலை மற்ற ஐந்து தாங்கும், பெய்ஜிங்கில் தாங்கியது. ஒரே கருவி என்றால் ஒரு நழுவலோடு எல்லாம் முடிந்தது. தோள் அனுமதிக்காதபோது அவருக்கு வேறு வழி இருந்ததா என்றால், ஓய்வு ஒன்றுதான் இருந்தது. சொந்த நாட்டில் ஒலிம்பிக் நடக்கும்போது அதை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

அதே ஆண்டு அக்டோபரில், பிறந்த ஊரான கிடாகியூஷுவில் உலக சாம்பியன்ஷிப். ஹரிசாண்டல் பார் இறுதியில் ஆறாவது இடம். இறங்கியபோது கால் அசையவில்லை. 2022 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். மார்ச் 12 அன்று டோக்கியோவில் விடைபெறும் காட்சிப் போட்டி. 33 வயதில், தேய்ந்த தோள்களோடு, ஆறு கருவிகளிலும் ஆடினார்.