செத்தான் = காலமானார்?

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மொழிப் பயிற்சி ஏடுகளில் ஒரு பக்கம் அனேகமாகத் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் நிலா, சூரியன், யானை, தாய். வலப்பக்கம் மதி, ஞாயிறு, களிறு, அன்னை. கோடு போட்டு இணைக்க வேண்டும். சொல்வளம் பெருக்குகிறார்களாம். இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நெருங்கி வாசிக்கலாம். புதுமைப்பித்தனை மட்டும்தான் கட்டுடைக்க வேண்டுமா என்ன?

களிறு ஆண் யானை. பிடியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. போகட்டும். அந்தக் கோடு சொல்வது இதுதான்: சொல் இரண்டு, பொருள் ஒன்று. 1916-ல் வெளிவந்த சசூரின் பாடக்குறிப்புகளே இதை ஏற்காது. அச்சத்தைக் குறிக்கும் மூன்று பிரெஞ்சுச் சொற்களை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று எதிர்நிற்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு, ஒன்று இல்லாமல் போனால் அதன் உள்ளடக்கம் மற்றவற்றுக்குப் போய்ச்சேரும் என்கிறார். சசூரோடு சண்டை போட்ட வொலோஷினோவ் 1929-ல் இன்னும் மேலே போய், குறியே வர்க்கப் போராட்டத்தின் களம் என்றார்.

இதற்கு ஐரோப்பாவுக்குப் போகவே வேண்டாம். கூலிக்காரன் 'செத்தான்', பண்ணையார் 'காலமானார்', தலைவர் 'இயற்கை எய்தினார்', மடாதிபதி 'முக்தியடைந்தார்'. எந்தச் சாவுக்கு எந்தச் சொல் என்பது பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைக்குத் தெரியும். இடம் மாற்றிச் சொன்னால் அடி விழும் என்பதும் தெரியும். பயிற்சி ஏடு, பிள்ளைக்குத் தெரிந்த இந்த அரசியலை அழித்துவிட்டு நடுவில் ஒரு சமக்குறியைப் போடுகிறது.

சமக்குறிக்கு நீண்ட வம்சாவளி உண்டு. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் முதலாவது தெய்வப் பெயர், அடுத்தது மக்கள், பிறகு விலங்கு, மரம். உலகத்தையே படிவரிசையாக அடுக்கிவிட்டுத்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர்களைக் கொட்டுகிறது. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடியது மனப்பாடத்துக்கு வசதியாகப் போயிற்று. திண்ணைப் பள்ளிகளில் பொருள் விளங்குகிறதோ இல்லையோ, ஒப்பித்தார்கள். புலவனுக்குச் செய்யுள் கட்ட எதுகை வேண்டும், மோனை வேண்டும். அவனுக்கு நிகண்டு ஒரு கருவிப்பெட்டி. ஆறு வயசுப் பிள்ளை செய்யுளா கட்டப்போகிறது?

அது எழுத்துக்கூட்டி 'தண்ணீர்' என்று வாசிக்கிறது. வீட்டில் அது 'தண்ணி'. கூட்டிய ஒலி, காதில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு சொல்லில் போய் முட்டும்போதுதான் வாசிப்பு நிகழ்கிறது. வந்துச்சு/வந்தது, அங்கிட்டு/அங்கே, வெஞ்சனம்/தொடுகறி என்று தமிழ் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை முதல் நாளே இரட்டைச் சொற்களுக்குள்தான் காலை வைக்கிறது. ஆனால் இந்த ஜோடிகளைப் பயிற்சி ஏடு ஜோடியாகவே மதிப்பதில்லை. ஒன்று சொல், மற்றது கொச்சை. சிவப்பு மையில் சுழிக்கப்படும். மதிக்கு நிலா சமம், தண்ணீருக்குத் தண்ணி சமமில்லை. எந்த இரண்டுக்கு நடுவே கோடு போடலாம் என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

தோழர்கள் சிலர் மறிக்கலாம்: நிகண்டும் திண்ணையும் மறுக்கப்பட்ட சேரிப் பிள்ளைக்கு ஞாயிறும் மதியும் கிடைக்கிற நேரத்தில், 'உன் கொச்சையே போதும்' என்று சொல்ல நீ யார்? நியாயமான கேள்வி. வட்டார வழக்கைப் புனிதப்படுத்திக் கதை எழுதுகிறவர்களின் பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். வட்டார வழக்கு மட்டுமே தெரிந்தவரின் உலகப் பார்வை குறுகிப்போகும் என்று சிறைக்குறிப்புகளில் எழுதியவர் சார்டினியாக்காரரான கிராம்சிதான். அதே கிராம்சி 1927-ல் சிறையிலிருந்து தங்கைக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளைத் தாராளமாகச் சார்டினிய மொழி பேச விடு என்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணியை அடித்துவிட்டு மதியைக் கொடுக்காதே என்கிறேன்.

தொல்காப்பியத்துக்குத் திசைச்சொல் பிழையல்ல, சொல்லில் ஒரு வகை. குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள் என்று உரைகாரர்கள் பதிந்துவைத்தார்கள். இன்றைய மலையாளத்தில் ஒருவருடைய தாயை அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவு. குஞ்சு பொரித்த கோழியைச் சொன்னால் தப்பில்லை. 'அன்னை'க்கு நேரே இந்தச் சொல்லை வைத்துக் கோடு போடச் சொன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையை எடுத்துக்கொண்டு யோசிக்கும். அந்த யோசனைதான் பாடம்.

கரும்பலகையில் ஒரு நாள் 'துடைப்பம்' என்று எழுதிப்போட்டு, உங்க வீட்ல என்ன சொல்வீங்க என்று கேட்டுப் பாருங்கள். விளக்குமாறு, வாரியல், சீமாறு, பெருக்குமாறு என்று வரும். பிள்ளைகளே எழுதட்டும். எந்தத் தெருப் பிள்ளை எந்தச் சொல்லைச் சொன்னது, எதற்கு வகுப்பு சிரித்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.