ஹோல்டர் யார் கையில்?

வெல்டிங் பழகும் முதல் நாள் ராடு ஒட்டிக்கொள்ளும். தகட்டில் உரசியதும் பொறி எழ வேண்டும். புதியவன் கை ஒரு கணம் தயங்குகிறது, ராடு தகட்டோடு ஒட்டி நெடுகச் சிவந்துவிடுகிறது. ராடைக் கவ்வியிருக்கும் ஹோல்டரை வெடுக்கென்று முறுக்கிப் பிடுங்க வேண்டியதுதான். சில நாளில் ராடுக்கும் தகட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி கைக்குப் பிடிபடும். அதைக் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுகொள்ளும்: சட்டியில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம்.

இந்தக் கைப்பழக்கம் வகுப்பறையில் வராது என்பதுதான் அப்ரண்டிஸ் முறையின் ஆதாரம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் அதற்கு ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலை இந்தச் சட்டப்படி வெல்டர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. பத்தாவது முடித்து நேரே வருபவருக்கு ஒன்றேகால் வருடம், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு ஒரு வருடம். 2019 விதித் திருத்தம் வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகை முன்னவருக்கு மாதம் 6,000 ரூபாய், பின்னவருக்கு 7,000. கட்டணம் கட்டிப் படிக்கிற வீட்டுக்கும் மாதாமாதம் பணம் வருகிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

படிப்பிலும் ஆதாயம் உண்டு. ஐ.டி.ஐ. மேசையில் பெரும்பாலும் சாதாரண இரும்புத் துண்டுதான் கிடைக்கும். ஐ.சி.எஃப். 2018-இல் பழைய வகைப் பெட்டிகளை நிறுத்திவிட்டு, எஸ்.எஸ். என்கிற துருவேறா எஃகுப் பெட்டிகளுக்கு முழுதாக மாறியது. எஸ்.எஸ். சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, ஆனால் அதிகம் விரியும். ஒரே மூச்சில் இழுத்தால் மெல்லிய தகடு அப்பளமாய் நெளிந்துவிடும். எங்கே தொடங்கி, எங்கே விட்டு, எங்கே திரும்ப வருவது என்ற வரிசையை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்றுதான் பிடிக்க முடியும்.

பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருமுனைப் பட்டறையில் எடுபிடியாகச் சேருகிற பையனுக்கு ஹோல்டர் சீக்கிரம் கிடைத்துவிடும், நல்ல கண்ணாடி கிடைக்காது. அன்று இரவே கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும். உருளைக்கிழங்கு நறுக்கி வைத்துக்கொண்டு படுப்பான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. பதிவு பெற்ற அப்ரண்டிஸுக்குத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் உண்டு. பட்டறைப் பையனுக்கு முதலாளியின் மனசுதான் சட்டம்.

ஆனால் அதே சட்டம் அப்ரண்டிஸைத் 'தொழிலாளி அல்ல' என்றும் சொல்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. மற்ற தகுதிகள் சமமானால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அது வேலைக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. ரயில்வே கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கியது. அது போதாது என்று 2018 மார்ச்சில் மும்பை மாட்டுங்கா அருகே பயிற்சி முடித்தவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து புறநகர் ரயில்களை மறித்தார்கள்.

வேலை கிடைக்காதது வெளியே தெரிகிற குறை. தெரியாத குறை அதைவிடப் பெரியது.

பாய்லர் குழாய் வேலை நடக்கிற கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். திருச்சியில் பெல் பாய்லர் ஆலையை நம்பித் துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பல உண்டு. ஒரு ஜாயின்ட் எக்ஸ்ரேயில் தோற்றால் அறுத்து மறுபடி அடிக்க வேண்டும், சரக்கு போவது தள்ளிப்போகும். அந்த ஜாயின்டைப் பயிற்சிப் பையனிடம் கொடுக்க எந்த சூப்பர்வைசருக்கும் மனம் வராது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அவன் கிரைண்டிங் பிடிக்கிறான், ஸ்லாக் தட்டுகிறான், அடுப்பிலிருந்து சூடான ராடு எடுத்துக் கொடுக்கிறான். முதல் மாதம் இதுவும் பாடம்தான். பன்னிரண்டாம் மாதமும் இதுவேயானால் அதற்குப் பெயர் மலிவுக் கூலி. தனியார் ஆலையானால் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. எனவே பொதுப்பணத்தில் கிடைக்கும் மலிவுக் கூலி. சட்டம் மாதத்தை எண்ணுகிறது. ஹோல்டர் கையில் இருந்த நேரத்தை எண்ணுவதில்லை.

வெளியே சந்தை எண்ணுவது அதை மட்டும்தான். வளைகுடா வேலைக்கு வருகிற ஆளிடம் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள், '6ஜி' அடிக்கச் சொல்வார்கள். 45 பாகை சாய்வில் இறுகக் கட்டிய குழாய். அதைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் வளைந்து குனிந்து சுற்றிவர வேண்டும். தேறியவர்கூட ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாவிட்டால் தகுதி காலாவதி என்கிறது பாய்லர் உலகம் பின்பற்றும் அமெரிக்க விதித்தொகுப்பு.

இதற்குத் தீர்வு செலவு பிடிக்கிற ஒன்றல்ல. ஆலையில் வெட்டி ஒதுக்கிய குழாய்த் துண்டுகளில் தினம் ஒரு மணி நேரம் பையன் அடிக்கட்டும்; வாரம் ஒரு துண்டைச் சூப்பர்வைசர் அறுத்துப் பார்த்து அவன் குறிப்பேட்டில் பதியட்டும். உதவித்தொகைப் பங்கை அரசு அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துக் கொடுக்கலாம்.

அதுவரை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பையனும் பெற்றோரும் ஆலை வாசலில் போன வருடத்து அப்ரண்டிஸ் ஒருவனை நிறுத்தி, ஒரு நாளைக்கு எத்தனை ராடு எரித்தாய் என்று கேட்டுவிடுவது நல்லது.